"இது உண்மைதானா?": சமூக ஊடகப் பதிவுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரை ஒட்டிய ஒரு சிற்றூரின் கிளை நூலகத்தில் பணிபுரிகிறேன். காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களும், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர்களும் கைப்பேசியை என் மேசைமேல் வைத்து, "இதைக் கொஞ்சம் பாருங்க, உண்மைதானா?" என்று கேட்பது சில ஆண்டுகளாக அன்றாட வழக்கமாகிவிட்டது. ஒரே ஐயம் திரும்பத் திரும்ப வருவதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, நான் சொல்லும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

"பொய்ச் செய்தி தெரியும். உள்நோக்கத்தோட திரிச்ச பதிவுன்னு தனியா ஒண்ணு இருக்குங்களா?"

இருக்கிறது. மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை என்று தவறாகக் கேட்டுக்கொண்டு ஒருவர் குழுவில் போட்டால், அது பிழையான தகவல். சுட்டிக்காட்டினால் அவர் திருத்திக்கொள்வார். திரித்த பதிவோ, நாம் எதை நம்ப வேண்டும், யாரை வெறுக்க வேண்டும், எதை வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அதற்கேற்பப் படத்தையும் சொல்லையும் வெட்டி ஒட்டித் தயாரிக்கப்படுவது. அதிலுள்ள துண்டுகள் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

2018-இல் இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு காணொளி பரவியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு விரைவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து, குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். மீதியில் ஒரு காட்சிகூட மாற்றப்படவில்லை. அதே ஆண்டு மே 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குச் செல்லும் வழியில் சிறுவர்களுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயதுப் பெண்மணி, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராகப் பரவிய பிள்ளைபிடி வதந்திகள்தாம் அந்த மக்களை அப்படி அஞ்ச வைத்திருந்தன.

"ஒரு பதிவைப் பார்த்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?"

அது உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்பதைப் பாருங்கள். "ஊடகங்கள் இதைக் காட்டாது", "அழிப்பதற்குள் பகிருங்கள்", "தமிழனாக இருந்தால் பகிர்வாய்" என்ற வரிகள் செய்தியைச் சொல்வதற்காக எழுதப்படுபவை அல்ல; நீங்கள் யோசிப்பதற்குள் விரலை நகர்த்திவிடுவதற்காக எழுதப்படுபவை. அடுத்து, எந்த ஊர், எந்த நாள், யார் சொன்னது என்ற மூன்றையும் தேடுங்கள். "நேற்று" என்று எழுதிய பதிவு ஐந்து ஆண்டுகள் கழித்தும் நேற்று நடந்ததாகவே தோன்றும்.

அதன்பின் பதிவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அதைவிட்டு வெளியே சென்று தேடுங்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வரலாற்றுத் துறை முனைவர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, அவற்றின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். முனைவர்களும் மாணவர்களும் பலமுறை ஏமாந்தார்கள். காரணம், அவர்கள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழுமாகப் படித்து, அதன் தோற்றத்தையும் முத்திரையையும் எடைபோட்டார்கள். சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, வேறு இடங்களில் அதைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடியதால் விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். கூர்ந்து படிப்பதையே வாழ்நாள் முழுதும் பாராட்டிய எனக்கு இது புதுப் பாடமாக இருந்தது.

"வீடியோவே இருக்குதுங்களே, அப்புறம் எப்படிப் பொய்யாகும்?"

காட்சி உண்மையாக இருந்து, அதன்மேல் எழுதிய வரி பொய்யாக இருக்கலாம். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வெளியிட்ட விளக்கத்தில், பரப்பப்பட்ட இரண்டு காணொளிகளும் முன்பே நடந்த நிகழ்வுகள் என்றார். ஒன்று, பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்கிடையே ஏற்பட்ட மோதல். மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்கிடையே நடந்தது. இரண்டிலும் அடியும் இரத்தமும் உண்மை. யார் யாரை அடித்தார்கள் என்பதுதான் பொய்.

அந்த வாரம் எங்கள் தெருவில் நடந்ததை நான் கண்டேன். நூலகத்துக்கு எதிரேயுள்ள வரிசை வீடுகளில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநில இளைஞர்கள் குடியிருக்கிறார்கள். ஊரிலிருந்து தாய்மார்கள் மணிக்கொருமுறை அழைத்து அழுததால், அங்கிருந்தவர்களில் சிலர் மூட்டை கட்டிக்கொண்டு தொடர்வண்டி நிலையத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் "உங்களை யாராவது மிரட்டினார்களா?" என்று கேட்டேன். "இல்லை, இங்கே ஒன்றுமில்லை, ஆனால் வீடியோவில் இருக்கிறதே" என்றார். தன் கண்ணெதிரே இருக்கும் தெருவைவிட, ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து திரும்பி வந்த காணொளியை அவர் நம்பினார். பின்னர் பீகார் அரசின் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்துச் சென்றது. போனவர்களில் இருவர் மட்டும் இன்றுவரை எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை.

"படம் பழசா புதுசான்னு நானே கண்டுபிடிக்க முடியுங்களா?"

முடியும். படத்தைச் சேமித்து, கூகுள் லென்ஸில் கொடுத்தால் அதே படம் வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்பது தெரியும். காணொளியாக இருந்தால், முகமோ பெயர்ப்பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். ஒரு காட்சியில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும் என்பதால் மூன்று நான்கு இடங்களில் எடுப்பது நல்லது. கிடைப்பவற்றில் மிகப் பழையதைத் தேடிப் பிடியுங்கள். நேற்றைய கலவரம் என்று வந்த படம் 2019-ஆம் ஆண்டுச் செய்தியில் இருந்தால் வேலை முடிந்தது.

தேடலில் எதுவும் கிடைக்காவிட்டால் படம் புதியது என்று பொருளில்லை. இணையத்தில் பதிவாகாமல் வாட்ஸ்அப்பிலேயே சுற்றிவரும் படங்கள் ஏராளம். அப்போது கடைப் பலகையின் மொழி, வண்டியின் பதிவெண், பேருந்தின் நிறம், காவலரின் சீருடை ஆகியவற்றைப் பாருங்கள். "சென்னை வெள்ளம்" என்று வந்த படத்தில் கடைப் பலகை தாய்லாந்து எழுத்தில் இருந்ததை எங்கள் நூலகத்துக்கு வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் கண்டுபிடித்தாள்.

"டிவி சேனல் லோகோவோட நியூஸ் கார்டு வந்திருக்கு. அதையும் நம்பக் கூடாதுன்னா எதைத்தான் நம்புறது?"

தமிழில் மிக அதிகமாகப் போலி செய்யப்படுவது நியூஸ் கார்டுதான். முத்திரை, தலைவரின் படம், இரண்டு வரி மேற்கோள் ஆகிய மூன்றும் இருந்தால் பத்து நிமிடத்தில் ஒன்றைச் செய்துவிடலாம். ஒருமுறை ஒரு பெரியவர், மூன்று மாதம் பொருள் வாங்காத குடும்ப அட்டைகள் ரத்து என்று ஓர் அமைச்சர் சொன்னதாக ஒரு கார்டைக் கொண்டுவந்தார். வாசலிலேயே அவருடைய மனைவி அட்டையும் பையுமாக நின்றிருந்தார். அந்தச் சேனலின் உண்மையான கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். போலியில் எழுத்து தடிமனாகவும் வரிகளுக்கிடையே இடைவெளி குறைவாகவும் இருந்தன; நாள் அச்சிட வேண்டிய மூலையில் பழைய எழுத்தை அழித்த திட்டுத் தெரிந்தது.

ஆயினும் இந்த அடையாளங்களை முழுதாக நம்பிவிடாதீர்கள். ஒற்றுப்பிழை இருந்தால் போலி என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையான கார்டுகளிலும் ஒற்றுப்பிழைக்குப் பஞ்சமில்லை. திறமையாகச் செய்த போலியில் எந்தக் குறையும் தெரியாது. அந்தச் சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்துக்குச் சென்று, குறிப்பிட்ட நாளில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. அமைச்சர் உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருந்தால் போட்டிச் சேனல்களும் மறுநாள் நாளிதழ்களும் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். அன்று நாங்கள் ஐந்து நாளிதழ்களைப் புரட்டினோம், எதிலும் இல்லை. அந்த அம்மா நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

"நீல டிக் இருக்கிற கணக்கு சரியானதுதானே?"

எக்ஸ் தளத்தில் 2022 இறுதியிலிருந்து நீலக் குறியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். ஆகவே, கணக்கு வைத்திருப்பவர் பணம் கட்டியிருக்கிறார் என்பதற்கு மேல் அந்தக் குறியிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஃபேஸ்புக் பக்கங்களில், பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்ற விவரங்களைப் பார்க்கலாம். சமையல் குறிப்புப் பக்கமாக ஆட்களைச் சேர்த்துவிட்டு, தேர்தல் நெருங்கும்போது அரசியல் பெயருக்கு மாறிய பக்கத்தை நம்புவதற்கு முன் சற்று நில்லுங்கள்.

"எங்க குழுவுல எல்லாரும் சொந்தக்காரங்க. எங்க பெரிய மாமா பொய் சொல்வாருங்களா?"

சொல்ல மாட்டார். ஆனால் அவர் அனுப்பினாரே தவிர, அவர் பார்க்கவில்லை. அவருக்கு அனுப்பியவரும் பார்க்கவில்லை. மாமாவின் மேலுள்ள மதிப்பு, முகம் தெரியாத ஒருவர் எழுதிய வரிக்குக் கடனாகப் போய்விடுகிறது. "மாமா, இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?" என்று பணிவாகக் கேட்டாலே பாதி தெளிந்துவிடும்.

செய்திக்கு மேலே "ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்று இருந்தால் அதை அவர் எழுதவில்லை. இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்திருக்கிறது. முதல் விடையில் சொன்னதுபோன்ற கும்பல் கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்றாக்கியது. இரட்டை அம்புக்குறியைக் கண்டதும் நாமே அந்தக் கட்டுப்பாட்டைப் பூஜ்யமாக்கிக்கொள்வது நல்லது.

"யுனெஸ்கோ, நாசான்னு பெரிய பெயரா போட்டிருந்தா?"

பெயர் பெரிதாக இருப்பது நமக்கு வசதிதான்; அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் எளிதாகத் தேடலாம். நம் நாட்டுப்பண்ணை உலகிலேயே சிறந்ததாக யுனெஸ்கோ அறிவித்துவிட்டது என்ற செய்தி, அந்த அமைப்பு மறுத்த பிறகும், ஆண்டுதோறும் சுதந்திர நாளில் திரும்ப வருகிறது. 2016-இல் வந்த புதிய 2,000 ரூபாய்த் தாளில் நானோ சிப் இருப்பதாகச் சொன்ன கதையையும் பலர் நம்பினார்கள். அச்சம் மட்டுமல்ல, பெருமிதமும் நம் கண்ணைக் கட்டும். நாட்டுப்பற்று உள்ளவர்களே அதில் அதிகமாக ஏமாறுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

"ஆபத்துக்கு உதவுற பதிவுன்னா சரிபார்க்காமப் பகிரலாமில்ல? நல்லதுக்குத்தானே?"

2015 வெள்ளத்தின்போது, சென்னை அருகேயுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகப் பரவிய வதந்தியைப் பலர் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். ஒரு முதலையும் வெளியேறவில்லை என்று பண்ணை விளக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இடுப்பளவு நீரில் நின்றிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எதைக் கொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரத்தம் வேண்டும், குழந்தையைக் காணவில்லை என்ற பதிவுகளில் நாள் இருக்கிறதா என்று பார்த்து, அதிலுள்ள எண்ணுக்கு ஒருமுறை அழைத்துப் பேசிவிட்டுப் பகிருங்கள். கிடைத்துவிட்ட குழந்தையின் படம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குடும்பத்துக்கு நள்ளிரவிலும் அழைப்பு வரும். பணம் கேட்கும் பதிவாக இருந்தால், க்யூஆர் குறியீடு மட்டும் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் மருத்துவமனையிடமே கேட்டுவிடுங்கள்.

"சம்பந்தப்பட்டவரே கேமரா முன்னால ஒத்துக்கிட்டாரு. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?"

இது நான் அதிகமாக அஞ்சும் வகை. 2018 பிப்ரவரி இறுதியில், இலங்கையின் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட்டவர்கள், உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் கூச்சலிட்டார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத, தமிழ் பேசும் இளைஞர் ஒருவர் கல்லாவில் இருந்தார். சுற்றி நின்று கேள்வி கேட்ட கூட்டத்திடம், கேள்வியே புரியாத நிலையில், ஆமென்று பொருள்படும்படி ஏதோ சொன்னார். அது படமெடுக்கப்பட்டு, "ஒப்புதல் வாக்குமூலம்" என்ற பெயரில் ஃபேஸ்புக்கில் பரவியது. அன்றிரவு கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியிலும் வன்முறை மூண்டு, நாடு முழுவதும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது.

உணவில் இருந்தது மாத்திரை அல்ல, மாவுக் கட்டிதான் என்பது அரசுப் பகுப்பாய்வாளரின் சோதனையில் தெரியவந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக ஃபேஸ்புக் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. முகம் உண்மை, குரல் உண்மை, வெட்டு ஒட்டும் இல்லை. ஆகவே யாராவது "ஒப்புக்கொள்ளும்" காணொளியைக் கண்டால், கேட்டவர் யார், சுற்றி எத்தனை பேர் நின்றார்கள், எந்த மொழியில் கேட்டார்கள், முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேளுங்கள். சிறுவர்களையும் வெளியூர்த் தொழிலாளர்களையும் நிறுத்தி வைத்து எடுக்கும் காணொளிகள் இன்றும் வருகின்றன.

"எல்லாமே உண்மையான செய்தி, ஆதாரமும் இருக்கு. அதுவும் திரிப்பாகுமா?"

ஆகலாம். ஒரு பக்கம் நாள்தோறும் குற்றச் செய்தி ஒன்றை மட்டும் பகிர்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு செய்தியும் நாளிதழில் வந்ததுதான். ஆனால் குற்றவாளி ஒரு குறிப்பிட்ட சாதியையோ மதத்தையோ சேர்ந்தவராக இருந்தால் மட்டுமே அங்கே இடம்பெறும். மூன்று மாதம் அதைப் படித்தவர், அந்த மக்கள் அனைவரும் குற்றவாளிகள் என்று எண்ணத் தொடங்குவார். அப்படி எழுதிய ஒரு வரியைக்கூட அவரால் சுட்டிக்காட்ட முடியாது. இத்தகைய பக்கத்தை ஒற்றைப் பதிவால் மதிப்பிட முடியாது. கடைசி முப்பது பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, எது விடப்பட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். பின்னூட்டத்தில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு, பல கணக்குகளிலிருந்து வந்திருந்தால் அது மக்கள் கருத்தில்லை. யாரோ எழுதிக் கொடுத்தது.

"ரீல்ஸ்ல 'நானே பயன்படுத்துறேன்'னு சொல்றாங்களே, அது விளம்பரமா?"

பணமோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அது விளம்பரம்தான். அதை எளிய மொழியில் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனாலும் பலர் அதைப் பத்துக் குறிச்சொற்களுக்கு நடுவே ஒளித்துவைக்கிறார்கள். குறை ஒன்றுகூடச் சொல்லாத பாராட்டு, தள்ளுபடிக் குறியீடு, ஒரே வாரத்தில் பலர் அதே பொருளை அதே சொற்களில் புகழ்வது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

"ஏஐ-யில செஞ்ச வீடியோவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? விரலை எண்ணினாப் போதும்னு சொல்றாங்களே?"

விரலை எண்ணும் காலம் போய்விட்டது. இன்றைய கருவிகள் அந்தப் பிழைகளைத் திருத்திக்கொண்டே வருகின்றன. 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் காணொளியில் பொருத்திப் பரப்பினார்கள். அது போலி என்பதை உறுதிசெய்தது மூலக் காணொளியைத் தேடி எடுத்ததுதான். வெளியே சென்று தேடுங்கள் என்று இரண்டாம் விடையில் சொன்னது இங்கும் பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவால் செய்த அனைத்தும் ஏமாற்று என்று கொள்ளவும் வேண்டாம். 2018-இல் மறைந்த மு. கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்தினார். அவர் மறைந்துவிட்டார் என்பது அரங்கில் இருந்த அனைவருக்கும் தெரியும் என்பதால் அங்கே யாரும் ஏமாறவில்லை. ஆனால் அதே காட்சியை நாளும் இடமும் நீக்கி, "கலைஞர் அன்றே சொன்னார்" என்று பரப்பினால் அது திரிப்பாகிவிடும். உறவினர் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, உங்களிடமுள்ள அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள்.

"இப்படி எல்லாத்தையும் சந்தேகப்பட்டா, உண்மையான பதிவுன்னு ஒண்ணுமே இல்லாமப் போயிடுமே?"

நியாயமான கவலை. எதையும் நம்பாதவரும் ஒருவகையில் ஏமாந்தவரே. உண்மையான அநீதியின் காணொளி வெளிவரும்போது, "இதெல்லாம் ஏஐ" என்று ஒதுக்கிவிடத் தவறு செய்தவர்கள் காத்திருக்கிறார்கள். உண்மையான பதிவுக்கும் அடையாளங்கள் உண்டு. எழுதியவர் தான் கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்துச் சொல்வார். ஊரையும் நேரத்தையும் குறிப்பிடுவார். தெரியாததைத் தெரியாது என்பார். பிழையைச் சுட்டினால் பதிவை அழித்துவிட்டு ஓடாமல் திருத்தம் எழுதுவார். அவர் கோபமாக எழுதியிருக்கலாம். கோபம் மட்டுமே உள்நோக்கத்துக்குச் சான்றாகாது.

"நான் எழுதலைங்க, ஃபார்வர்டு மட்டும்தான் செஞ்சேன். அதுக்கும் பொறுப்பா?"

பொறுப்புதான். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், தான் படிக்காமல் பகிர்ந்ததாகவும், நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டதாகவும் வாதிட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பைப் போன்றது என்றது.

தவறாகப் பகிர்ந்துவிட்டால் நீக்குவதோடு நில்லாமல், அதே குழுவில், அதே ஆட்களிடம், "நான் காலையில் அனுப்பியது தவறு, சரியான செய்தி இது" என்று எழுதுங்கள். வேறொருவர் பகிர்ந்ததென்றால் குழுவில் தலைகுனிய வைக்காமல் தனியாகச் சொல்லுங்கள். போலிப் படத்தைக் காட்டி விளக்க வேண்டியிருந்தால், அதன் குறுக்கே பெரிதாகப் "போலி" என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்; இல்லாவிட்டால் உங்கள் விளக்கம் உதிர்ந்துபோய்ப் படம் மட்டும் அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

"தேடித் தேடிப் பார்த்தேன், உண்மையா பொய்யான்னு தெரியவே இல்லை. என்ன செய்யறது?"

அனுப்பாமல் வைத்திருங்கள். எங்கள் நூலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். விடை கிடைக்காத பதிவைப் பற்றி இரண்டு வரியும் நாளும் அதில் எழுதிவிட்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் தேடுகிறோம். பெரும்பாலானவற்றுக்கு மூன்று நான்கு நாட்களிலேயே நாளிதழிலோ சரிபார்ப்புத் தளங்களிலோ விடை வந்துவிடுகிறது. வந்ததும் கேட்டவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு அந்த வரியை அடித்துவிடுகிறேன். இன்றைய நிலையில் அதில் அடிக்கப்படாத வரிகள் ஏழு.